சாவி கடற்கரையில்... கார் ரோமன் ரோலண்டு வீதியில்!

மாலை 6 மணி ஆனால் புதுச்சேரி கடற்கரைச் சாலையின் முனைகளில் தடுப்புகள் வந்துவிடும். முதல் முதலமைச்சர் எதுவார் குபேரின் பெயரைத் தாங்கிய இந்தச் சாலையில், மறுநாள் காலை 7.30 மணி வரை நடப்பவர்களின் ராஜ்ஜியம்தான். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் கை காட்ட, வெளியூர் கார்கள் துய்மா வீதி, ரோமன் ரோலண்டு வீதி என உள்ளே திரும்பி இடம் தேடுகின்றன.

பட்டன் ஸ்டார்ட் கார் வைத்திருப்பவர்கள் உஷாராக வேண்டிய இடம் இதுதான்.

தடுப்பருகே குடும்பம் இறங்குகிறது. "நீங்க பார்க் பண்ணிட்டு வாங்க, நாங்க காந்தி சிலைகிட்ட நிக்கிறோம்" என்று மனைவி நடக்கத் தொடங்குகிறார். அவர் கைப்பைக்குள் ரிமோட் சாவி. கார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

பழைய சாவி என்றால் இந்தச் சிக்கலே வராது. பட்டன் காரில், பிரேக்கை மிதித்து பட்டனை அழுத்தியதும் கார் ஒரு மெல்லிய ரேடியோ சிக்னலை அனுப்பும். உள்ளே இருக்கும் ரிமோட் தன் ரகசியக் குறியீட்டைத் திருப்பி அனுப்பும். சரியாக இருந்தால் இன்ஜின் உயிர் பெறும். அதன்பின் ரிமோட் இறங்கிப் போனாலும் இன்ஜின் நிற்காது. நடுரோட்டில் நின்றால் ஆபத்து என்பதால் அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். 'சாவி இல்லை' என்று டேஷ்போர்டில் ஒரு வரி, கூடவே பீப் சத்தம். பிள்ளைகள் இறங்கும் அமளியில் அது யார் காதில் விழும்?

காகிதப்பூ தொங்கும் மஞ்சள் சுவரோரம் ஒரு வழியாக இடம் கிடைக்கிறது. பட்டனை அழுத்தி அணைக்கிறார். அவ்வளவுதான்! இனி ஸ்டார்ட்டும் ஆகாது, ரிமோட் இல்லாமல் வழக்கம்போல் பூட்டவும் முடியாது. போன் செய்தால், அலைச் சத்தத்தில் அந்தப் பக்கம் எடுப்பதில்லை. பூட்டாத காரை விட்டுவிட்டுக் காந்தி சிலைக்கு ஓடுவதா, காருக்குக் காவல் நிற்பதா?

ஓட்டுபவர் சட்டைப் பையில்தான் ரிமோட் இருக்க வேண்டும். ஆனால், தலைமைச் செயலகம் எதிரே மணலில் இறங்கிக் கால் நனைப்பதற்கு முன் அதைக் கரையில் நிற்பவரிடம் கொடுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் ரிமோட்டுக்கு எமன். பேட்டரி மட்டும் தீர்ந்திருந்தால் பயமில்லை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, பல கார்களில் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன்மேலேயே ஒட்டிப் பிடித்து இன்ஜினைக் கிளப்பலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து இரவில் இருக்கிறது. களைப்போடு விடுதிக்குத் திரும்பி, மூடிய ஷெட்டில் காரை நிறுத்தி, பாக்கெட்டில் ரிமோட் இருக்கும் நினைப்பில் இறங்கிவிடுகிறோம். ஹைப்ரிட் கார் என்றால் நிற்கும்போது சத்தமே இருக்காது. அணைத்துவிட்டோம் என்றே தோன்றும். சற்று நேரத்தில் இன்ஜின் தானாக ஓடத் தொடங்கி, வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு நிரம்பும். அமெரிக்காவில் 2006 முதல் இப்படி இரண்டு டஜனுக்கும் மேற்பட்டோர் இறந்ததாக 2018-ல் 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. பலர் உறங்கிக்கொண்டிருந்த வீட்டுக்குள்ளேயே புகை புகுந்திருக்கிறது.

இறங்கும் முன் டேஷ்போர்டு முழுக்க இருண்டிருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். பார்க்க இரண்டு நொடி போதும்.