ஈயம் விற்பவரை நம்புவது எப்படி?

ரொறன்ரோவில் வசிக்கும் உறவுக்காரப் பிள்ளை ஒருவர் சில மாதங்களுக்கு முன்பு தொலைபேசியில் அழைத்து, "சித்தப்பா, கொழும்பிலை பழைய அச்சுக்கூடத்து ஈயம் எங்கையேன் வாங்கலாமே?" என்று கேட்டார். உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர் அவர். வார இறுதியில் குறிபார்த்துச் சுடும் கழகம் ஒன்றுக்குப் போய்வருகிறார். கடையில் விற்கும் ரவைகளின் விலை கட்டுப்படியாகாமல், வீட்டிலேயே ஈயத்தை உருக்கிச் சன்னம் வார்க்கத் தொடங்கியிருக்கிறார். சட்டி, அகப்பை, அச்சு எல்லாம் தருவித்தாயிற்று. "சாமான் அனுப்பினவன் நேர்மையானவன் சித்தப்பா, ஈயம் வித்தவன்தான் ஏமாத்திப்போட்டான்" என்றார்.

தெஹிவளையில் இருந்துகொண்டு இதைக் கேட்கையில் எனக்குச் சற்று நடுக்கமாகவே இருந்தது. 1916 ஆம் ஆண்டின் சுடுபடைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தோட்டத் துவக்குக்கும் ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க வேண்டிய நாடு இது. சன்னம் என்ற சொல்லைத் தொலைபேசியில் உரக்கச் சொல்லவே அஞ்சிய காலம் ஒன்றையும் நாம் கடந்து வந்திருக்கிறோம். வட அமெரிக்காவிலோ இது பரணில் வைத்துச் செய்யும் பொழுதுபோக்கு. லைமன் என்ற கனெக்ரிகட் நிறுவனம் 1878 இல் தொடங்கியது. ஆர்.சி.பி.எஸ். 1943 இல் கலிபோர்னியாவின் ஓரோவில்லில் பிறந்தது. மலிவான அலுமினிய அச்சுகளைச் செய்து தரும் லீ, விஸ்கொன்சினைச் சேர்ந்தது. இவற்றுக்கு அப்பால், ஒரே ஒருவர் தம் பட்டறையில் இருந்து கடைந்து கொடுக்கும் சிறு உற்பத்தியாளர்களும் உண்டு. அவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்க வைப்பார்கள். அந்த மனிதர் நோயுற்றால் தொழிலும் படுத்துவிடும்.

ஆயினும் கருவி விற்பவரின் குறை முதல் நாளிலேயே வெளிப்பட்டுவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். அச்சின் இரு பாதிகளும் பொருந்தவில்லை என்றால் வார்த்த உடனே விளிம்பில் பிசிறு தெரியும். திருப்பி அனுப்பிவிடலாம். ஈயம் அப்படியன்று. வெளித்தோற்றத்தில் நல்லதும் கெட்டதும் ஒரே சாம்பல் நிறக் கட்டிதான்.

தூய காரீயம் மென்மையானது. 327 பாகை செல்சியசில் உருகும். வெள்ளீயம் சேர்த்தால் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்பும்; அன்ரிமனி சேர்த்தால் இறுகும். வார்ப்பவர்கள் நெடுங்காலமாக நம்பியிருந்தது வாகனச் சக்கரங்களின் விளிம்பில் அடிக்கும் சிறு பாரங்களை. ஐரோப்பிய ஒன்றியம் 2005 இல் புதிய வாகனங்களில் ஈயப் பாரங்களுக்குத் தடை விதித்தது. கலிபோர்னியாவில் 2010 முதல் தடை. அவற்றின் இடத்தில் இரும்பும் துத்தநாகமும் வந்தன. துத்தநாகம் உருகுவது ஏறத்தாழ 420 பாகையில். சட்டி அளவு மீறிச் சூடேறினால் அதுவும் கரைந்து கலந்துவிடும்; அதன்பின் உலோகம் கூழாகி அச்சில் நிரம்ப மறுக்கும். நமது பிள்ளைக்கு நேர்ந்தது அதுவேதான். விற்றவர் வேண்டுமென்றே கலந்தாரா, தமக்கே தெரியாமல் விற்றாரா என்பதை எவர் சொல்வது?

ஈயம் என்ற சொல்லே தமிழில் இரண்டு உலோகங்களுக்குப் பொது என்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீயத்தின் விலை காரீயத்தைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதால் காரீயம் கலந்த சொம்புகளும் சந்தைக்கு வருகின்றன. சன்னத்தில் கலப்படம் குறியைத் தவறவைக்கும். சொம்பில் கலப்படம் குழந்தையின் குருதிக்குள் போகும்.

பழைய அச்சு ஈயத்தை அவர் தேடியதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும். லைனோரைப் இயந்திரத்துக்கான கலவையில் ஏறத்தாழ 84 வீதம் காரீயம், 12 வீதம் அன்ரிமனி, 4 வீதம் வெள்ளீயம். கையால் கோக்கும் தனி எழுத்துகளில் அன்ரிமனியும் வெள்ளீயமும் இன்னும் கூடுதல். கலவை பிசகினால் எழுத்து மழுங்கிப் பத்திரிகை கறைபடும் என்பதால் அச்சகங்கள் அதில் கண்டிப்பாக இருந்தன. அமெரிக்காவில் ஓப்செற் வந்து ஈய எழுத்துகள் குப்பைக்குப் போனபோது, அவற்றை அள்ளிக்கொண்டவர்களில் சன்னம் வார்ப்பவர்களும் இருந்தார்கள்.

எழுத்துக்கும் ரவைக்கும் உள்ள உறவு கொழும்புக்குப் புதிதன்று. 1737 இல் ஒல்லாந்தர் இங்கே முதல் சிங்கள நூலை அச்சிட்டபோது, அதற்கான எழுத்துகளை உருவாக்கியவர் கேப்ரியல் ஷாட. அவர் ஒல்லாந்தக் கொம்பனியின் ஆயுதக் களஞ்சியப் பொறுப்பாளர். பிற்பாடு அதே அச்சுக்கூடத்தில் தமிழ் நூல்களும் வெளிவந்தன. ஈயத்தை அறிந்த கை கோட்டைக்குள் அங்கேதான் இருந்தது போலும்.

வெளியாரை நம்பிக் காத்திருந்தவர்கள் பட்ட பாட்டுக்குத் தரங்கம்பாடி சாட்சி. சீகன்பால்குக்கு இலண்டனிலிருந்து 1711 இல் அனுப்பப்பட்ட அச்சு இயந்திரத்தை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் ரியோ டி ஜெனீரோவில் கைப்பற்றினர். பணம் கொடுத்து மீட்டபின், உடன்வந்த அச்சாளர் ஜோனாஸ் ஃபிங் கப்பற் பயணத்திலேயே இறந்துபோனார். ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713 இல் வந்துசேர்ந்தன. அவையோ மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. இறுதியில் பொறையாற்றிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். அதற்குரிய ஈயம், இலண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய உறைகளை உருக்கிப் பெறப்பட்டது என்று அச்சு வரலாற்றை எழுதுவோர் குறிப்பிடுவர்.

நான் உதவியாசிரியனாகச் சேர்ந்த எழுபதுகளில் கொழும்பு நிலைமையும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு உச்சத்தில் இருந்த காலம். எங்கள் அச்சகத்துக்கு எழுத்துகள் சென்னையிலிருந்து வரவேண்டும். அந்நியச் செலாவணி அனுமதி இல்லாமல் பெட்டி துறைமுகத்தைத் தாண்டாது. வந்த பெட்டியைத் திறந்தால் கேட்ட 'ளை'க்குப் பதிலாக 'லை' இரட்டிப்பாக இருந்ததும் உண்டு. ஒரு முறை வந்த எழுத்துகள் இரண்டே மாதத்தில் முனை மழுங்கிவிட்டன. எங்கள் தலைமை அச்சுக்கோப்பாளர் ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப்பார்த்து, "இதிலை காரீயத்தைத் தவிர வேறொண்டும் இல்லை, தம்பி" என்றார். அதன்பின் 'ளை' குறைவாக வரும்படி செய்தி எழுதச் சொன்னார்கள். நம்பமாட்டீர்கள், சில வாரங்கள் அப்படியே எழுதினோம். தெஹிவளை, வெள்ளவத்தை என்ற இரண்டில் வெள்ளவத்தைச் செய்திகளே முந்திக்கொண்டன.

ரொறன்ரோப் பிள்ளைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: எழுத்துகள் இங்கே இல்லை, கருவி வாங்கும்போது பெயரைப் பார்த்தது போல ஈயம் வாங்கும்போது முதலில் சிறு கட்டி ஒன்றை வாங்கி, உருக்கிப் பார்த்துவிட்டு மிகுதியை வாங்கு, பற்றரித் தகடுகளை மட்டும் வீட்டில் உருக்காதே, அதன் புகை நஞ்சு, பிள்ளைகள் விளையாடும் இடத்தில் எதையுமே உருக்காதே. நம்மூர்க் கடற்கரையில் தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்ப்போரிடமும் இதையே சொல்லிக் களைத்திருக்கிறேன்.

எழுத்துகள் இங்கே இல்லாமற் போனது எண்பதுகளின் பிற்பகுதியில். கணினி வந்ததும், எங்கள் அச்சகத்தின் அத்தனை எழுத்துப் பெட்டிகளையும் பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் முற்றத்தில் சாக்கில் கொட்டி நிறுத்தார். அகர முதல் னகர இறுவாய் எல்லாம் ஒரே குவியலாய்க் கிடந்தன. அவர் ஓர் எழுத்தை எடுத்தார். தலைமை அச்சுக்கோப்பாளர் செய்ததைப் போலவே நகத்தால் கீறினார். ஒன்றும் பேசாமல் கீழே போட்டார். அது வெறும் காரீயம் அன்று என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் நிருவாகத்துக்குத் தெரியவில்லை. பற்றரி ஈயத்தின் விலைக்கே கொடுத்துவிட்டார்கள்.