முப்பது வருடம் கழித்து ஒரு பதில்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1994-ல் ஒன்பதாம் வகுப்பைக் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு அழைத்துப் போனோம். 1901 முதல் சூரியனைக் கவனித்துவரும் இடம். அங்கே ஒரு படத்தில் சூரியனின் விளிம்பில் பெரிய தீநாக்கு. "சார், இது ஏன் கீழே விழாம அந்தரத்துல நிக்குது?" என்று ஒரு பையன் கேட்டான். "நெருப்பு மேலதான்டா போகும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

என் பதில் தப்பு. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாத்தியார் கெத்து விடவில்லை.

தம்பி, அது நெருப்பே இல்லை. அங்கே எதுவும் எரிவதில்லை. சுற்றியுள்ள கொரோனா பத்து லட்சம் டிகிரிக்கு மேல். இந்த வாயுவோ பத்தாயிரம் டிகிரி அளவுதான். குளிர்ந்தது, அடர்த்தியானது. நியாயமாக விழத்தான் வேண்டும். தூளியில் குழந்தை கிடப்பதுபோல, தொய்ந்த காந்த விசைக்கோடுகள் அதைத் தாங்குகின்றன. வாரக்கணக்கில்கூட நிற்கும்.

தூளியைக் கட்டியது யார்? சூரியனேதான். அதன் நடுப்பகுதி சுமார் 25 நாளில் ஒரு சுற்று சுற்றும். துருவப்பக்கம் இன்னும் மெதுவாக. அதனால் உள்ளேயிருக்கும் காந்தப்புலம் இழுபட்டுச் சுற்றிக்கொள்கிறது. அது வளையமாக வெளியே பிதுங்கும் இடங்கள்தான் கரும்புள்ளிகள். (அவற்றில் வாயு வெளிப்புறமாக ஓடுவதை 1909-ல் எவர்ஷெட் கண்டது அதே கொடைக்கானலில்தான். அதையும் நான் அன்று சொல்லவில்லை.) வளையத்தின் கால்கள் நகர நகர, ரப்பர் பேண்டை முறுக்குவதுபோல முறுக்கு ஏறும். மேலே வளைந்திருக்கும் கோடுகள் அதை அமுக்கிப் பிடித்திருக்கும். ஒரு கட்டத்தில் கோடுகள் அறுந்து, வேறு கோடுகளோடு ஒட்டிக்கொள்ளும். பிடி விட்டதும் நூறு கோடி டன், சமயத்தில் அதற்கும் மேல், வாயு காந்தப்புலத்தோடு விண்வெளிக்குப் பாயும்.

நம் பக்கம் வந்தால் ஒன்று முதல் மூன்று நாள் பயணம். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணமே ஒன்பது மணிநேரம் இருட்டில் கிடந்தது. 2024 மே மாதம் லடாக்கின் ஹான்லேயில் இரவு வானம் சிவந்தது. அந்தப் போட்டோவைப் பார்த்தபோதுதான் இவன் ஞாபகம் வந்தது.

எந்த நேரத்தில் அறுக்கும் என்பதை இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. நம் ஆதித்யா எல்-1 அதையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அவன் பெயர் மறந்துவிட்டது. பச்சை மப்ளர் கட்டியிருந்தான். அந்த பேட்ச் பிள்ளைகள் யாருக்காவது தெரிந்தால் இதை அவனுக்கு அனுப்பிவிடுங்கள்.