பூந்தமல்லியில் ஒரு காக்டெய்ல் சாயங்காலம்

மங்கலான விளக்கு, காதை அடைக்காத பாட்டு, சாய்ந்து உட்கார ஒரு சோபா, கண்ணாடி தம்ளரில் ஆரஞ்சுத் தோல் மிதக்கும் ஏதோ ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம் பூந்தமல்லிக்காரர் ஒருவருக்கு இப்படி ஒரு ஆசை வந்தால் என்ன செய்வார்? பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எத்தனை ரவுண்டு அடித்தாலும் வேலைக்கு ஆகாது. கையில் காசு இல்லாததால் இல்லை மக்களே, சட்டம் அப்படி! (21 வயசு ஆகாதவர்கள் இத்தோடு டீக்கடைக்குக் கிளம்பலாம் :) )

2003 நவம்பரில் சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கைக்கு வந்தது. கடையை ஒட்டி பார் இருக்கும். ஆனால் அந்த பாரை டெண்டர் எடுத்தவர் சரக்கு விற்கக் கூடாது. சுண்டல், ஆம்லெட், தண்ணீர் விற்கலாம். அவ்வளவுதான் அவர் உரிமை. கவுன்ட்டரில் குவார்ட்டர் வாங்குவது, மூடியைத் திருகுவது, அளப்பது, கலப்பது எல்லாம் குடிக்க வந்தவர் பாடு. ஊற்றிக் கொடுக்க ஆளே இல்லாத இடத்தில் காக்டெய்ல் எங்கிருந்து வரும்?

காக்டெய்லே இன்னொருவர் நமக்காகக் கலப்பதுதானே. ஓல்ட் ஃபேஷன்ட் என்று ஒன்று. விஸ்கி, கொஞ்சம் சர்க்கரை, சில சொட்டு பிட்டர்ஸ், ஒரே ஒரு பெரிய ஐஸ் கட்டி. ஐஸ் பெரிதாக இருந்தால் மெதுவாகக் கரையும், சரக்கு சீக்கிரம் நீர்த்துப்போகாது. ஒரு தம்ளரை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசலாம். லவுஞ்சுகாரர் விற்பது அந்த முக்கால் மணி நேரத்தைத்தான். டாஸ்மாக் பாரில் யாரும் முக்கால் மணி நேரம் ரசித்து உட்கார்வதில்லை. நின்றபடியே ஒரு கட்டிங், ஊறுகாய், கிளம்பு.

ஆற அமர உட்கார வேண்டுமென்றால், தமிழ்நாட்டு விதிப்படி ஒன்று கிளப் மெம்பராக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டார் ஹோட்டல் படி ஏற வேண்டும். போரூர், வடபழனி தாண்டி கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் போனால் அண்ணா சாலையில் பார்க் ஹோட்டல். வாசனின் ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் 2002ல் வந்தது. அங்கே இருந்த லெதர் பார் ரொம்ப பிரபலம். தமிழ் சினிமா ஹீரோக்கள் எல்லாம் செட் போட்ட கிளப்பில் தம்ளர் தூக்கிய ஊரில், ஸ்டூடியோ இருந்த இடத்திலேயே நிஜ பார்!

இதில் கடுப்பேற்றும் விஷயம் வேறு. பெங்களூர் ஹைவே பூந்தமல்லி வழியாகத்தான் போகிறது. அதே ரோட்டின் அந்தக் கோடியில் பாருக்கு ஸ்டார் ஹோட்டல் கட்டாயமில்லை. ஆபீஸ் முடிந்து நாலு பெண்கள் போய் உட்கார்ந்தாலும், அதில் இருவர் லைம் ஜூஸ் மட்டும் குடித்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே டாஸ்மாக் பாருக்குள் ஒரு பெண் நுழைவதை யோசித்துப் பாருங்கள். குடிக்காத ஆண் நண்பன்கூட வாசலில் பைக் மேல்தான் உட்கார்ந்திருப்பான்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஒரு போனஸ். ஸ்டார் ஹோட்டல் பில் வந்தால் கீழே பாருங்கள். மது ஜி.எஸ்.டி.யில் வராது, அதற்கு மாநில அரசின் வாட். பக்கத்தில் இருப்பவர் குடித்த மாக்டெய்லுக்கு ஜி.எஸ்.டி. ஒரே மேஜை, ஒரே மாதிரி தம்ளர், ஒரே மாதிரி எலுமிச்சைத் துண்டு... வரி மட்டும் இரண்டு!