கல்வராயனுக்கு ஒரு ஜீப் ரைடு!

வீக் எண்ட் ட்ரிப்னா ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு மட்டும்தானா பாஸ்? ஒரு தடவை கள்ளக்குறிச்சிக்கு டிக்கெட் எடுங்க. ஊருக்கு மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு கிடக்கு. அதுதான் கல்வராயன் மலை!

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்ததும் மலை ஏற்றம் ஆரம்பம். வெள்ளிமலை வரைக்கும் பஸ்ஸே போகுது. கரியாலூரில் படகு, பெரியார் அருவியில் குளியல், நாலு போட்டோ... பெரும்பாலான டூர் இதோட முடிஞ்சிடும். ஆனால், அசல் கல்வராயன் இதுக்கு அப்புறம்தான். உள்கிராமங்களுக்குப் போகிற கரடுமுரடான பாதைகளில் ஜீப்தான் ராஜா.

இங்கே ஒரு குட்டி மெக்கானிக்கல் கிளாஸ். சாதாரண காரில் இன்ஜின் சக்தி ரெண்டு சக்கரத்துக்குத்தான் போகும். அதில் ஒண்ணு சேற்றில் சும்மா சுத்த ஆரம்பிச்சா, வண்டி அவ்வளவுதான். ஃபோர் வீல் டிரைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். 'லோ' கியரில் வேகம் குறையும், டார்க் கூடும். இறக்கத்திலும் அதே கியர்தான். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது. செமஸ்டர் முழுக்கப் புரியாத கியர் ரேஷியோ, இங்கே முதுகெலும்பில் புரியும்!

சரி, இதே குலுக்கலில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி ஆஸ்பத்திரிக்குப் போவதை நினைச்சுப் பாருங்க.

1976 வரை இந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. நாட்டுக்கு 1947-ல் வந்த சுதந்திரம், இங்கே வாழும் மலையாளிப் பழங்குடிகளுக்கு (கேரளாக்காரங்க இல்லீங்க, தமிழ் பேசுறவங்க) வந்து சேர இன்னும் 29 வருஷம் ஆச்சு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் 60 பேருக்கு மேல் பலி வாங்கியது. அதுக்குப் பிறகுதான் பலரும் இந்த மலையைத் திரும்பிப் பார்த்தாங்க. மலைமக்களின் அடிப்படை வசதிகள் பற்றி சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து விசாரித்தது.

'சாராய மலை'ன்னு ஒரே வார்த்தையில் முத்திரை குத்துறது ஈஸி. அங்கே சாமை விளையுது, மரவள்ளி விளையுது, கடுக்காய் பொறுக்கிப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்குன்னு போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால் கட்டாயம் போங்க. மழை நாளில் மண் பாதை வேண்டாம். உள்ளூர் டிரைவரைக் கூப்பிட்டுக்கோங்க, அவருக்கும் நாலு காசு கிடைக்கும். பாதையை விட்டுக் காட்டுக்குள் வண்டியை இறக்காதீங்க. எதிரே ஆள் ஏத்திக்கிட்டு ஒரு ஜீப் வந்தால், ஓரம் கட்டி முதலில் வழி விடுங்க. அங்கே சில ஊர்களுக்கு அதுதான் பஸ், அதுதான் ஆம்புலன்ஸ்!