கோடெக் கேட்காத பிளேயர்

ஒலிக்கோப்பின் மேல் இரண்டு முறை கிளிக் செய்தால் ஒலி வர வேண்டும். இதை இறக்கு, அதை நிறுவு, கணினியை அணைத்துத் திரும்பப் போடு என்றெல்லாம் பிளேயர் நம்மை அலைக்கழிக்கக் கூடாது. இன்று இது சாதாரண எதிர்பார்ப்பு. இருபது வருடத்துக்கு முன் அப்படி இல்லை. ப்ரவுசிங் சென்டரில் புதுக் கணினி வந்தால், விண்டோஸ் ஏற்றிய கையோடு கோடெக் பேக், ரியல் பிளேயர், குவிக்டைம் என்று வரிசையாக ஏற்றி முடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார்கள். அதிலும் ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்கும்.

இவ்வளவும் எதற்கு என்றால், ஒலி கணினிக்குள் எண்களாகத்தான் இருக்கிறது. சிடி தரத்தில் நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதினால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் ஆகும். எம்பி3 அதை ஒரு மெகாபைட் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். இப்படிச் சுருக்குவதற்கும் திரும்ப விரிப்பதற்குமான முறைதான் கோடெக். விரிக்கத் தெரியாத பிளேயரிடம் கொடுத்தால், எம்.எஸ்.வி. இசையும் ஒன்றுதான், பழைய மின்கட்டணக் கணக்கும் ஒன்றுதான்.

விரிக்கும் முறையை எல்லாப் பிளேயரிலும் முதலிலேயே வைத்துவிட்டால் என்ன? வைப்பது கடினமான வேலை அல்ல. குறுக்கே நின்றது காப்புரிமை. எம்பி3-இல் பெரும்பங்கு ஜெர்மனியின் பிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்துடையது. பயன்படுத்தும் மென்பொருள்காரர்கள் உரிமத் தொகை கட்ட வேண்டியிருந்தது. இலவசமாக மென்பொருள் தருகிறவர் யார் கணக்கில் கட்டுவார்? அதனால் அப்போது லினக்ஸ் வகைகள் பலவற்றில் எம்பி3 இல்லை, தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒலியை வெட்டி ஒட்ட நாமெல்லாம் பயன்படுத்தும் ஆடாசிட்டியும் அப்படித்தான் இருந்தது. எம்பி3-ஆகச் சேமிக்க ‘லேம்’ என்ற துணைக்கோப்பை எங்கிருந்தோ தேடி எடுத்து வைக்க வேண்டியிருந்தது. எம்பி3 உரிமத் திட்டம் 2017 ஏப்ரலில் முடிவுக்கு வந்தது. 2019-இல் வந்த 2.3.2 பதிப்பிலிருந்து ஆடாசிட்டியே லேமைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. யாரும் கொண்டாடாத செய்தி. எனக்கு அது பெரிய செய்தி.

கோடெக்கைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் மென்பொருளின் அருமை முழுதாக எனக்குத் தெரிந்தது பெரியப்பா இறந்த பிறகு. பெரியப்பா மகள், என் அக்கா, ஒரு மெமரி கார்டோடு வந்தாள். “தம்பி, அப்பா பேசுனது இதுல இருக்கு. கம்ப்யூட்டர்ல போட்டா ஓட மாட்டேங்குது.” பட்டன் போனில் பெரியப்பா பதிந்து வைத்தவை, எல்லாம் ஏஎம்ஆர் கோப்புகள். செல்போன் பேச்சுக்காகவே செய்த முறை அது. நொடிக்கு 8,000 அளவுகள்தான்; ஒரு நிமிடப் பேச்சு நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். கணினியோடு வந்த பிளேயர், கோப்பை இயக்க முடியவில்லை என்றது. கோடெக் தேடி இணையத்துக்குப் போக அக்காவை நான் விடவில்லை. கோடெக் என்ற பெயரில் வைரஸ் ஏற்றிய காலத்தை அறிந்தவன் நான். ஸ்லாப் என்ற நச்சு நிரல் அப்படித்தான் ஊரெல்லாம் பரவியது.

கோப்பை விஎல்சி என்ற இலவச பிளேயரில் இழுத்துப் போட்டேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. கீழே கோடு நகர ஆரம்பித்தது, பெரியப்பா பேசினார். கோயில் கொடைக்கு யார் வீட்டில் எவ்வளவு வரி, யார் பாக்கி என்று கணக்குச் சொல்லிக்கொண்டே போனார். நடுவில் ஒரு கோழி. தூரத்தில் பம்புசெட். டெலிபோனில் கேட்பதுபோல மெலிந்த குரல்தான், ஆனால் ‘பாக்கி’ என்னும்போது அவர் கொடுக்கும் அழுத்தம் அப்படியே இருந்தது. “சத்தம் கூட்டுடா” என்றாள் அக்கா. விஎல்சியில் நூறு சதவீதத்துக்கு மேலும் ஏற்றலாம். ஏற்றினேன்.

விஎல்சியின் அந்த ஆரஞ்சு கூம்புப் படத்தின் பின்னால் உள்ளவர்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. 1996-இல் பாரிஸ் அருகே உள்ள எக்கோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டம் அது. 2001 பிப்ரவரியில் யாரும் எடுத்துத் திருத்தலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டார்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு திறந்த திட்டத்தின் நூலகத்தையும் சேர்த்து, விரிக்கும் முறைகளில் பெரும்பாலானவற்றைப் பிளேயருக்குள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள். மென்பொருள் முறைகளுக்குக் காப்புரிமை தருவதை பிரெஞ்சுச் சட்டம் ஏற்பதில்லை என்பது அவர்களுடைய நிலைப்பாடு. சட்டத்தின் துணையும் பலருடைய இலவச உழைப்பும் சேர்ந்ததால்தான் பெரியப்பாவின் வரிக்கணக்கு எங்கள் வீட்டில் கேட்டது.

காப்புரிமை உள்ள முறைகளுக்குப் பதிலாகப் புதிய முறைகளையே உருவாக்கியவர்களும் உண்டு. சிஃப் அமைப்பின் வோர்பிஸ் 2002-இல் முழுமை பெற்றது. அதன் தொடர்ச்சியாக அவர்களும் சேர்ந்து செய்த ஓபஸ், 2012-இல் இணையத்தின் பொதுத் தரமாகவே ஆனது. வாட்ஸ்அப்பில் அத்தை அனுப்பும் வாய்ஸ் மெசேஜ் ஓபஸ்தான். இன்று நம் குடும்பங்களின் வாட்ஸ்அப் பேச்செல்லாம் திறந்த முறையில் பதிவாகிறது என்பதில் எனக்கு நிம்மதி. பழைய போன்களில் கிடப்பவை பற்றித்தான் கவலை. கோப்பின் முறை தெரிந்த பிளேயர் இன்னும் பத்து வருடம் இருக்கலாம். மெமரி கார்டு அதுவரை தாங்குமா?

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலமாரியில் கிடக்கும் பட்டன் போனை இந்த வாரமே எடுங்கள். அதிலுள்ள ஏஎம்ஆர், 3ஜிபி கோப்புகளைக் கணினிக்கு மாற்றுங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள். விஎல்சியின் மீடியா பட்டியலில் மாற்றிச் சேமிக்கும் வசதி இருக்கிறது. அதில் ஃபிளாக் என்ற முறையில் ஒரு பிரதி எடுங்கள். அதனால் குரல் மேலும் தெளிவாகிவிடாது, இருப்பது குறையாது. 2024-இல் ஃபிளாக்கும் பொதுத் தரமாகிவிட்டது, விண்டோஸ் 10 முதல் தனியாக எதுவும் போடாமலே பாடும். பிரதி எடுத்ததும் வேறொரு கணினியில் கடைசி நொடிவரை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிறகு யார் குரல், எந்த ஊர், எந்த வருடம் என்று கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.