கரி புகுந்த பல்லேடியம்

பெர்லினின் தென்கிழக்கில் அட்லர்ஸ்ஹோஃப் என்ற இடத்தில் பெஸ்ஸி-2 சிங்க்ரோட்ரான் இருக்கிறது, 1998-இல் திறந்தார்கள். 240 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்துக்குள் எலெக்ட்ரான்கள் ஓட, அவற்றிலிருந்து கிளம்பும் எக்ஸ் கதிரைப் பல பீம்லைன்களாகப் பிரித்து ஆய்வாளர்களுக்குத் தருகிறார்கள். பீம்டைம், அதாவது கதிரைப் பயன்படுத்தும் நேரம், கிடைப்பது லேசில்லை. கிடைத்துவிட்டால் ராத்திரி, பகல் பார்ப்பதில்லை. நான் போனதும் ஓர் இரவு ஷிஃப்டில்தான்.

அங்கே ஆய்வாளர்கள் துரத்திக்கொண்டிருந்த கேள்வி பாலித்தீன் ஆலையில் பிறந்தது. எத்திலீன் வாயுவில் சுமார் 1 விழுக்காடு அசெட்டிலீன் கலந்து வரும். அதைப் பத்து லட்சத்தில் ஓரிரு பங்காகக் குறைக்காவிட்டால் அடுத்த கட்டத்து வினையூக்கி கெட்டுவிடும். பல்லேடியத்தின் மேல் ஹைட்ரஜனோடு சேர்த்து ஓட்டினால் அசெட்டிலீன் எத்திலீனாகும். ஆனால் அங்கேயே நிற்க வேண்டும். ஈத்தேன் வரை போனால் நஷ்டம். பல்லேடியமோ ஹைட்ரஜன் பைத்தியம். தன் பருமனைப்போல் 900 மடங்கு வரை உறிஞ்சும் என்பது தாமஸ் கிரஹாம் காலத்திலிருந்தே தெரியும். வயிறு முட்ட ஹைட்ரஜன் வைத்திருக்கும் உலோகத்தை யார் நிறுத்துவது?

கரிதான் என்று 2008-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள், ஃபிரிட்ஸ் ஹேபர் நிறுவனத்தின் டெட்ரே டெஷ்னர், ராபர்ட் ஷ்லோகல் குழுவினர். அவர்கள் எடுத்துக்கொண்டது அசெட்டிலீனின் உறவுக்காரியான பென்டைன்.

வேலையை அருகிலிருந்து பார்த்தால்தான் அதன் அருமை தெரிகிறது. விரல் நகமளவு பல்லேடியத் தகட்டைக் கையுறையோடு பொருத்துகிறார்கள். கதிர் பட்டு அதிலிருந்து வெளியேறும் எலெக்ட்ரான்கள், அவை அணுவில் பிணைந்திருந்த ஆற்றல்படி திரையில் மேடுகளாகத் தெரியும். ஆனால் உடனே அளக்க முடியாது. காற்றுப் பட்ட எந்தப் பொருளிலும் ஒட்டிக்கொள்ளும் அழுக்குக் கரி, திரையில் 285 எலெக்ட்ரான் வோல்ட் பக்கம் மேடாக எழுந்து நிற்கும். ஆக்சிஜன் விட்டு அதை எரிக்கிறார்கள், ஹைட்ரஜன் விட்டு ஆக்சைடைப் போக்குகிறார்கள், மேடு மறையும்வரை திரும்பவும் அதே. கரியை ஆராய வந்தவர்களுக்கு முதல் எதிரியும் கரிதான்.

பிறகு வால்வைத் திறந்து பென்டைனும் ஹைட்ரஜனும் விடுகிறார்கள். அழுத்தம் ஒரு மில்லிபார் அளவுதான். ஆனால் இப்படி எலெக்ட்ரான்களை அளக்கும் துறை நெடுங்காலம் வெற்றிடத்திலேயே உழன்றது. அதற்கு அதுவே பெரிய காற்று. 335-இல் இருந்த பல்லேடிய மேட்டின் தோளில், கொஞ்சம் உயர்ந்த ஆற்றல் பக்கம், இன்னொரு புடைப்பு மெல்ல வளர்ந்தது. மூலக்கூறுகள் சில உடைந்து, கரி அணுக்கள் உலோக அணுக்களின் இடுக்கில் நுழைந்துவிட்டன. நூறு பல்லேடிய அணுவுக்குப் பதினைந்து கரி வரை கொள்ளும். அவை குடியேறிய வீட்டில் ஹைட்ரஜனுக்கு இடமில்லை. வெளியே மேற்பரப்பில் கிடைக்கும் கொஞ்ச ஹைட்ரஜனோடுதான் வினை நடக்க வேண்டும். அதனால் அது பாதியில் நிற்கிறது.

கரி மேலே கிடக்கிறதா, உள்ளே போனதா? கதிரின் ஆற்றலை மாற்றி மாற்றி எடுக்கிறார்கள். ஆற்றல் கூடினால் ஆழத்திலிருந்து வரும் எலெக்ட்ரான்களும் பிழைத்து வெளியேறும். இரண்டு படங்களையும் ஒப்பிட்டால் விடை தெரியும். பீம்லைன் பொறுப்பாளர் அடிக்கடி தகட்டைச் சற்று நகர்த்திக்கொண்டே இருந்தார். கதிரே மூலக்கூறை உடைத்துக் கரி படியவைக்கும். அதை நிஜமென்று நம்பிவிடக் கூடாதாம். கருவியைவிட இந்தச் சந்தேகம்தான் அங்கே பெரிய தொழில்நுட்பம் என்பேன்.

பென்டைனை நிறுத்தி ஹைட்ரஜனை மட்டும் விட்டபோது புடைப்பு தேய்ந்தது. உள்ளிருந்த கரி மேற்பரப்புக்கு வந்து, ஹைட்ரஜனோடு சேர்ந்து வாயுவாகப் போய்விடுகிறது. ஆக்சிஜன் என்றால் எரிந்து போகும். இரண்டுமில்லாத மந்த வாயுவில் மட்டும் 600 டிகிரி செல்சியஸ் பக்கம் வரை பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும். ஆக, புதுப் பல்லேடியத்தைப் பார்த்து வினையூக்கியை எடைபோடுவது வீண். வேலைசெய்யும்போதுதான் அது தன் உருவத்துக்கு வருகிறது.

இதைப் படிக்கும் வேதியியல் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வாயு அழுத்தத்திலேயே அளக்கும் இத்தகைய கருவி புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் இருக்கிறது. சிங்க்ரோட்ரான் வேண்டுமென்றால் இந்தூரில் இந்துஸ்-2 இருக்கிறது. ஆராய்ச்சிக்கு வந்ததும் விண்ணப்பம் போடுங்கள்.