மீடிறன் எண்ணிக்குப் புதிய பளிங்கு

எட்டு இலக்கங்கள் வரிசையாக ஒளிரும் ஒரு கருவியின் முன்னே நிற்பவர் எவரும் அதனை ஐயுறத் துணிவதில்லை. மீடிறன் எண்ணி அத்தகையதொரு கருவி. கம்பி வழியே வரும் மின்னலைவு ஒரு செக்கனில் எத்தனை முறை நிகழ்கின்றதென எண்ணிக் காட்டுவதே அதன் தொழில். எண்ணுவதில் அது பிழைப்பது அரிது. ஆனால் ஒரு செக்கன் என்பது எவ்வளவு நேரம் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது யார்? உள்ளே சிறியதோர் உலோகக் கூட்டினுள் அடைபட்டிருக்கும் குவாட்சுப் பளிங்குச் சீவலே சொல்லிக்கொடுக்கின்றது. பளிங்கு சோர்ந்தால் அளவுகள் யாவும் பிறழும். இலக்கங்கள் மட்டும் முன்போலவே ஒளிரும்.

எமது கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்துக்கெனப் பழைய மாணவர் சிலராகச் சேர்ந்து, கொழும்புப் புறக்கோட்டையில் வாங்கிய எண்ணி பிறர் கையில் பல்லாண்டு உழைத்த ஒன்று. அதைத் திறந்து பார்த்தபோது, உள்ளிருந்த பளிங்கின் கால்களிலும், அதன் அருகே மீடிறனைச் சிறிது ஏற்றி இறக்குவதற்காக வைத்த டிரிமர் என்னும் சிறு கொள்ளளவியிலும் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எமது நிலத்தில் வாழும் எக்கருவிக்கும் இவ்விதி உண்டு. கச்சான் காற்று வீசும் நண்பகல்களில் அதன் அளவு காலையில் இருந்த இடத்தில் நிற்பதில்லை என்பதையும் மாணவர் குறித்து வைத்திருந்தனர்.

இதனால் யாருக்கு என்ன குறை என்று கேட்பார்க்கு முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடவேண்டும். இசை அளப்போருக்கு ஒரு குறையுமில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளார் 1947இல் வெளிவந்த தமது யாழ் நூலில் பண்டைத் தமிழிசையின் சுரங்களைக் கணித விகிதங்களால் ஆராய்ந்தார். குரலுக்கும் இளிக்கும் உள்ள விகிதம் 2க்கு 3 என்றால், நரம்புகள் இரண்டையும் ஒரே பிறழ்ந்த கருவியால் அளந்தாலும் அவ்விகிதம் மாறாது. இரண்டிலும் ஏறிய பிழை வகுக்கும்போது நீங்கிவிடுகின்றது. அன்றியும் இலட்சத்தில் இரண்டரைப் பங்குப் பிழையென்பது 440 ஹேர்ட்ஸ் இசைக்கவரில் ஒரு ஹேர்ட்ஸின் நூறிலொரு பங்கே. அது எச்செவிக்கும் எட்டாது. (பாடும் மீனை அளக்கலாமே என்று மாணவர் ஆண்டுதோறும் கேட்பதுண்டு. 1848இல் எமர்சன் தெனன்ற் தோணியிலிருந்து கேட்டதும், மீனவர் ஊரிகளின் பாட்டென்று அவருக்குச் சொன்னதுமான அவ்வொலி பலவாகக் கலந்து வருவது. எண்ணியோ ஒற்றைச் சுத்த அலைவையே எண்ணவல்லது. கலப்பொலியைக் கொடுத்தால் ஏதோ ஓர் எண்ணைக் கூசாமற் காட்டும்.)

படகு வானொலியின் நிலை வேறு. வாழைச்சேனைத் துறையில் படகுகளின் வானொலிகளைத் திருத்துபவர் எமது கல்லூரியின் பழைய மாணவர். பலநாட் படகுகள் கரையோடு பேசுவது சிற்றலையில், ஒற்றைப் பக்கப்பட்டை முறையில். அதில் பேசுவோரும் கேட்போரும் ஒரே எண்ணில் நிற்றல் வேண்டும்; இங்கே விகிதம் துணைக்கு வராது. 200 ஹேர்ட்ஸ் விலகினாலும் குரல் மூக்கடைத்த பேச்சாகி, இரைச்சலிடையே பெயரும் எண்ணும் பிரித்தறிய அரிதாகும். நடுக்கடலில் இயந்திரம் நின்றவன் தான் நிற்கும் இடத்தைச் சொல்லும்போது அவ்வெண் விளங்காமற் போனால் என்னாகும் என்பதை இக்கரையிலுள்ளார்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. நண்பர் ஒருநாள் ஒரு வானொலியோடு வந்தார். 8 மெகாஹேர்ட்ஸில் வைத்தால் எமது எண்ணி 8,000,200 என்று காட்டிற்று. திருப்புளியைக் கையிலெடுத்தவரிடம், "இன்று ஓரிரவு பொறும், தம்பி" என்றோம்.

எண்ணியின் பின்புறத்தில் தற்சோதனைப் பொத்தான் ஒன்றுண்டு. அதை அழுத்தினால் 10,000,000 என்று ஒரு குறையுமின்றிக் காட்டும். நண்பர் அதை நம்பியிருந்தார். ஆனால் அப்போது கருவி செய்வதென்ன? தன் பளிங்கைத் தன் பளிங்காலேயே அளக்கின்றது. முழக்கோல் தன்னைத் தானே அளந்து ஒரு முழம் என்று சொல்வதை ஒக்கும் இது. எண்ணுஞ் சுற்று பழுதின்றி இயங்குகின்றதென்பதற்கு மட்டுமே அது சான்று.

புறச்சான்று இரவில் வானிலிருந்து கிடைக்கும். சீனாவின் சென்சி மாகாணத்திலிருந்து பி.பி.எம். என்னும் நேர நிலையம் 10 மெகாஹேர்ட்ஸில், அணுக்கடிகாரத்தின் வழிநின்று, செக்கனுக்கொரு குறியாக ஒலிபரப்புகின்றது. 1967 முதல் செக்கனின் இலக்கணமே சீசியம் அணுவின் 9,192,631,770 அலைவுகள் அல்லவா? அந்நிலையத்தைப் பழைய சிற்றலை வானொலியிற் பிடித்து, எண்ணியின் பளிங்கிலிருந்து ஒரு கம்பியை அதன் வான்கம்பிக்கு அருகே நீட்டினோம். இரு அலைகளும் ஒன்றாயின் ஓசை எழாது; வேறாயின் வேற்றுமை எவ்வளவோ அவ்வளவு மீடிறனுள்ள சுரம் எழும். எழுந்தது ஏறக்குறைய 250 ஹேர்ட்ஸ் சுரம். டிரிமரை மீடிறன் ஏறுமாறு திருப்பினோம். சுரம் சிறிதே தாழ்ந்து, டிரிமரின் எல்லை முடிந்தது. ஆகவே பளிங்கு மெதுவாகிவிட்டதென்பது தெளிவாயிற்று. மெதுவான பளிங்கின் செக்கன் நீண்டது. நீண்ட செக்கனில் எண்ணிக்கை மிகும். 10 மெகாஹேர்ட்ஸில் 250 என்றால் 8 மெகாஹேர்ட்ஸில் 200. நண்பரின் வானொலி நேராகவே நின்றது; அதைத் திருத்த முனைந்த கருவியே வளைந்திருந்தது.

புதிய பளிங்கைத் தெரிவதிற் சிறிது ஆராய்ச்சி வேண்டியிருந்தது. சிறந்தது கனலறையினுள் ஒரே சூட்டில் வைத்த அலையம். ஆனால் அது தொடக்கத்தில் அரை அம்பியர் அளவுக்கு மின்னை உண்ணும். எமது எண்ணியின் கிழட்டு மின்வழங்கி அதைத் தாங்காது. ஆதலின் சூடு மாறுவதற்கேற்பத் தன்னைத்தான் ஈடுசெய்துகொள்ளும் அலையத்தைத் தெரிந்தோம். பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகாதது. சந்தையில் மலிந்துள்ளவை 3.3 வோல்ட்டில் இயங்கி ஒரு வோல்ட்டுக்கும் குறைந்த அலையைத் தருபவை. எமது எண்ணியின் எண்சுற்றுக்கு அவ்வலை போதாது. 5 வோல்ட்டில் இயங்கிச் சதுர அலை தரும், நான்கு கால் உலோகக் கூட்டினை வாங்கினோம். அதன் நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் கூராக இருக்கும். அதுவே முதற்காலின் அடையாளம். மின்வரவையும் நிலத்தையும் மாற்றிக் கொடுத்தால் காசு போய்விடும்.

பழைய பளிங்கை இழுத்துப் பிடுங்குதல் ஆகாது. சுற்றுப்பலகையின் துளைக்குள்ளிருக்கும் செப்புப் பூச்சும் கூடவே வந்துவிடும். கால்களை வெட்டிக் கூட்டை முதலில் அகற்றி, எஞ்சிய துண்டுகளை ஒவ்வொன்றாக ஈயம் உருக்கி எடுத்தோம். டிரிமரும் அதனோடிருந்த இரு சிறு கொள்ளளவிகளும் நீங்கின. பளிங்கு இரண்டு கால்களால் ஓர் எண்சுற்று வாயிலின் உள்ளீட்டையும் வெளியீட்டையும் இணைத்து நின்றது. புதிய அலையமோ தானே அலைவது. ஆதலால் அதன் வெளியீட்டை வாயிலின் உள்ளீட்டில் மட்டும் கொடுத்தல் வேண்டும். மறுபக்கத்திற் கொடுத்தால் இரு வெளியீடுகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். சூடேறும் மின்வழங்கியினின்றும் விலக்கி அலையத்தை அமைத்து, மின்வரவுக் காலின் அருகே 0.1 மைக்குரோபரட் கொள்ளளவி ஒன்றையும் வைத்தோம். களிம்பையும் ஈயப்பசையையும் மதுசாரத்தாற் கழுவினோம். மாலைப் பொழுது முழுவதும் இதிற் கழிந்தது. மாணவர் இருவர் விளக்குப் பிடித்தனர்.

மறுநாள் இரவு, கருவி ஒரு மணிநேரம் சூடேறிய பின், மீண்டும் சீன நிலையத்தைப் பிடித்தோம். இம்முறை சுரமில்லை, செக்கனுக்கு ஆறு முறை ஏறித் தாழும் துடிப்பு மட்டுமே இருந்தது. அலையத்தின் தலையிலுள்ள திருகை மயிரளவு திருப்பத் துடிப்பு தளர்ந்து, செக்கனுக்கு ஒன்றாகி, பின் ஒரு மூச்சுப்போல நீண்டது. அதற்குமேல் தேடுவது வீண். சிற்றலையைத் திருப்பியனுப்பும் வான்மண்டலம் ஏறியிறங்குவதாலேயே கோடியில் ஒரு பங்களவு அசைவு நேரும். ஜி.பி.எஸ். செய்மதிகளின் வழியே இதனினும் நுட்பமாக ஒப்பிடலாமே என்றார் விளக்குப் பிடித்த மாணவரொருவர். அது மெய், இன்று அதுவே எளிது. சில நாட்களில் அத்தகைய ஏற்பியொன்றை அவரே கொணர்ந்து ஒப்பிட்டார், இலக்கம் அசையவில்லை. எனினும் இரு அலைகள் ஒன்றுவதைச் செவியாற் கேட்ட இரவில்தான் மீடிறன் என்றால் என்னவென்று தமக்கு விளங்கிற்றென அவர் சொன்னதை இங்கே குறிக்கின்றோம்.

நண்பரின் வானொலியை மீண்டும் பொருத்தினோம். 8,000,003. அவர் ஒரு திருகையும் தொடாமல் அதனைப் படகுக்குக் கொண்டுசென்றார்.

புதிய பளிங்கு முதற் சில மாதங்களிலேயே மிகுதியாக மாறுவது இயல்பு. அதனால் எண்ணியின் பின்புறத்தில் ஒரு தாளொட்டி, ஒப்பிட்ட நாள், ஒப்பிட்ட நிலையம், கண்ட வேற்றுமை என மூன்று நிரல்கள் கீறியுள்ளோம். முதல் வரி எமது கையெழுத்து. அடுத்த வரியை வாடை தொடங்குமுன் மாணவர் எழுதுவர்.